வட்டமா நின்னு வாசிச்சா என்ன ஆகும்?

(இந்த எபிசோடோட எழுத்து வடிவம் இது. பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கோம். வாசிக்க வசதியா சில இடங்கள்ல மட்டும் சுருக்கியிருக்கோம்.)

ஹெட்ஃபோன் மாட்டியாச்சா? மெட்ரோல போறவங்க, பாத்திரம் தேய்ச்சுக்கிட்டே கேக்கறவங்க, ஸ்டாண்டப் மீட்டிங்ல மியூட் போட்டுட்டு நம்மளைக் கேக்கறவங்க, எல்லாருக்கும் வணக்கம். போன எபிசோட்ல ஸ்ட்ரீமிங் ஆப் ஒரு பாட்டுக்கு எவ்வளவு காசு தருதுன்னு பேசினோம். இன்னிக்கு அதுக்கு நேர் எதிர் திசையில போறோம். ஒரு பழைய டிவி ஷோ. பேரு 'லேட்டர் வித் ஜூல்ஸ் ஹாலண்ட்'. பிபிசி 2-ல 1992 அக்டோபர்ல ஆரம்பிச்சது. 30 வருஷத்துக்கு மேல ஓடியிருக்கு. இது யூடியூப்ல எங்கேயாவது உங்க கண்ணுல பட்டிருக்கும், பேரு தெரியாமயே பாத்திருப்பீங்க.

கதையை 1992-ல ஆரம்பிக்கல. 3 வருஷம் முன்னாடி போவோம்.

சத்தம் டப்புனு நின்ன ராத்திரி

1989 நவம்பர். பிபிசி 2-ல 'தி லேட் ஷோ'ன்னு ஒரு ராத்திரி நேரக் கலை நிகழ்ச்சி வந்துக்கிட்டிருந்தது. புத்தகம், சினிமா, நாடகம்னு பேசுவாங்க, நடுவுல ஒரு பேண்ட் வந்து வாசிக்கும். அன்னிக்கு வந்தது மான்செஸ்டர்ல இருந்து 'தி ஸ்டோன் ரோசஸ்'. அப்போ இங்கிலாந்துல எல்லாரும் பேசிக்கிட்டிருந்த பேண்ட். பாட்டு ஆரம்பிச்சு ஒரு நிமிஷம் போல ஆகியிருக்கும். டப்! சத்தம் மொத்தமும் போயிடுச்சு.

காரணம் என்ன தெரியுமா? ஸ்டூடியோல சத்தம் ஒரு அளவைத் தாண்டினா கரண்டைத் துண்டிக்கிற ஒரு லிமிட்டர் இருந்தது. அவங்க அந்த அளவைத் தாண்டிட்டாங்க. தொகுப்பாளர் ட்ரேசி மெக்லியோட் சமாளிச்சு அடுத்த விஷயத்துக்குப் போகப் பாக்கறாங்க. அவங்களுக்குப் பின்னாடி பாடகர் இயன் பிரவுன் 'கத்துக்குட்டிங்க'ங்கற அர்த்தத்துல திட்டிக்கிட்டே நடந்துக்கிட்டிருக்கார். எல்லாம் ஒளிபரப்பாகுது.

எனக்கு இந்த கிளிப் ரொம்பப் பிடிக்கும். சிரிப்புக்காக மட்டும் இல்ல. டிவி ஸ்டூடியோவும் இசையும் ஒண்ணை ஒண்ணு நம்பாம இருந்த காலம் அது. அதை ஒரே நிமிஷத்துல காட்டுற ஒரு பக் ரிப்போர்ட் மாதிரி இருக்கும் இந்த கிளிப். ஸ்டூடியோவை டிசைன் பண்ணவங்க மனசுல இருந்தது பேச்சு. அங்க வந்து நின்னது டிரம்ஸ்.

அந்த 'லேட் ஷோ'வுக்குப் பிறந்த குழந்தைதான் 'லேட்டர்'. பேரே அதுல இருந்து வந்ததுதான். மார்க் கூப்பர்னு ஒரு தயாரிப்பாளர், ஜேனட் ஃப்ரேசர் க்ரூக்னு ஒரு இயக்குநர், முன்னாடி நிக்கறதுக்கு ஜூல்ஸ் ஹாலண்ட்னு ஒரு பியானோக்காரர். 'ஸ்க்வீஸ்'ங்கற பேண்டோட கீபோர்ட் ஆள் அவர்.

வாயசைப்புக் காலம்

இது ஏன் பெரிய விஷயம்னு புரியணும்னா, அதுக்கு முன்னாடி பிரிட்டிஷ் டிவில என்ன இருந்ததுன்னு பாக்கணும்.

பெரிய ஷோ 'டாப் ஆஃப் தி பாப்ஸ்'. 1964 ஜனவரி 1-ல ஆரம்பிச்சு 2006 வரைக்கும் வாராவாரம் ஓடினது. சார்ட்ல ஏறின பாட்டு வரும், கலைஞர் வந்து நிப்பார், பெரும்பாலும் வாயசைப்பு. கிட்டார்ல வயரே சொருகியிருக்காது. 1991-ல ஷோவை மாத்தி, குரலாவது நேர்ல பாடணும்னு விதி போட்டாங்க. அந்த வருஷம் நவம்பர்ல நிர்வாணா வந்தாங்க. பின்னணி இசை ரெக்கார்டிங், குரல் மட்டும் லைவ். கர்ட் கோபேன் என்ன பண்ணார்? கிட்டாரை வாசிக்கற மாதிரிகூட நடிக்கல. சும்மா கையை ஆட்டிக்கிட்டு, வேணும்னே கீழ் ஸ்தாயில, தூக்கத்துல பேசற மாதிரி பாடினார். அந்த ஏற்பாட்டையே கிண்டல் பண்ற மாதிரி.

இன்னொரு பக்கம் 'தி ஓல்ட் கிரே விசில் டெஸ்ட்', 1971-ல பிபிசி 2-ல ஆரம்பிச்சது. ஆல்பம் போடற சீரியஸ் ஆளுங்களுக்கானது. காசு கம்மி, அலங்காரம் இல்லாத வெறும் ஸ்டூடியோ. அந்தப் பேருக்கு ஒரு கதை உண்டு. பழைய லண்டன் பாட்டுக் கம்பெனிகள்ல, புதுப் பாட்டை முதல்ல அங்க சாம்பல் கலர் கோட் போட்ட வாசல்காரங்களுக்குப் போட்டுக் காட்டுவாங்களாம். ஒரு தடவையோ ரெண்டு தடவையோ கேட்டுட்டு அவங்க விசில் அடிச்சுக்கிட்டுப் போனா பாட்டு தேறும். நம்ம ஊர்ல டீக்கடைல ஓடினா படம் ஓடும்னு சொல்ற மாதிரி.

அப்புறம் 1982-ல சேனல் 4-ல 'தி ட்யூப்'. நியூகாசில்ல இருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் நேரலை. தொகுப்பாளர்கள் பாலா யேட்ஸும் இதே ஜூல்ஸ் ஹாலண்டும். உண்மையிலேயே லைவ், அதனால உண்மையிலேயே ஆபத்து. 1987-ல ஒரு நேரலை விளம்பரத்துல ஜூல்ஸ் ஒரு கெட்ட வார்த்தை சொல்லி சில வாரம் சஸ்பெண்ட் ஆனார். அதே வருஷம் ஷோவும் முடிஞ்சது.

ஆக, மூணு ரகம். வாயசைச்சு எல்லாருக்கும் காட்டறது, சீரியஸா சிலருக்குக் காட்டறது, ரகளையா இளசுகளுக்குக் காட்டறது. மூணுலயும் பொதுவா ஒண்ணு இருக்கு. ஒரு நேரத்துல ஒரு மேடை, ஒரு ஆள். அவர் முடிச்சா அடுத்தவர். 'லேட்டர்' அங்கதான் கை வச்சது.

வட்டம்

பெரிய ஸ்டூடியோ. மேடைன்னு ஒண்ணு தனியா கிடையாது. சுவரை ஒட்டி வட்டமா ஒவ்வொரு பேண்டும் தன்னோட இடத்துல எல்லா வாத்தியத்தையும் வச்சுக்கிட்டு நிக்கும். நடுவுல கேமராக்கள், ஒரு கிரேன். ஒரு ஓரமா பியானோ. ஜூல்ஸ் நடந்துபோய் அடுத்தது இவங்கன்னு கையைக் காட்டுவார். கேமரா திரும்பும். அவ்வளவுதான்.

ஷோ ஆரம்பத்துல ஒரு சடங்கு. எல்லா பேண்டும் சேர்ந்து ஒரே தாளத்துல ஒரு ஜாம். கேமரா அப்படியே சுத்தி வரும், ஒவ்வொரு முகமா காட்டும்.

இந்த வட்டத்துல மூணு விஷயம் நடக்குது. முதல் விஷயம், நேரம் மிச்சம். ஒரு மேடைல அஞ்சு பேண்டுன்னா ஒவ்வொரு தடவையும் டிரம்ஸை இறக்கி ஏத்தணும். இங்க எல்லாமே முன்கூட்டியே லோட் ஆகி ரெடியா இருக்கு, சுட்டிக்காட்ட வேண்டியதுதான் பாக்கி. ப்ரோகிராமர்களுக்குச் சொல்றேன்: டேட்டாவை நகர்த்தாதே, பாயிண்டரை நகர்த்து.

ரெண்டாவது, வரிசை உடையுது. சாதாரண கச்சேரில கடைசில வர்றவர் பெரியவர். நம்ம மார்கழி சீசனையே பாருங்க. மத்தியான ஸ்லாட் இளசுகளுக்கு, சாயங்கால ஸ்லாட் பெரியவங்களுக்கு. நேரத்தைச் சொன்னாலே அந்தஸ்து தெரிஞ்சிடும். வட்டத்துக்கு முதலும் இல்ல, கடைசியும் இல்ல. பெரிய பேண்ட் ஒரு பாட்டு வாசிக்கும், புது ஆள் ஒரு பாட்டு, திரும்பப் பெரிய பேண்ட் இன்னொரு பாட்டு.

மூணாவதுதான் எனக்கு முக்கியம். யாரும் கிளம்பிப் போக முடியாது. ஒருத்தர் பாடும்போது மத்தவங்க அங்கேயேதான் நிக்கணும், கேக்கணும். கேமராவும் அதைப் பாக்குது. தனக்கு முன்னாடி நிக்கற ஜாம்பவான்களுக்கு ஒரு 19 வயசுப் பொண்ணு பாடிக் காட்டணும். ஜாம்பவான்கள் செல்போனை நோண்டாம கேக்கணும்.

44 மில்லி செகண்ட்

ஒரு நிமிஷம் இன்ஜினியரிங் பேசிக்கறேன், கோச்சுக்காதீங்க.

எல்லாரும் சேர்ந்து ஜாம்னு சொன்னேன்ல? அது கேக்கற அளவுக்கு ஈஸி இல்ல. காத்துல சத்தம் ஒரு செகண்டுக்கு சுமார் 343 மீட்டர் போகும். அதாவது ஒரு மீட்டருக்கு கிட்டத்தட்ட 3 மில்லி செகண்ட். அந்த ஸ்டூடியோல எதிரும் புதிருமா நிக்கற ரெண்டு பேண்டுக்கு நடுவுல 15 மீட்டர்னு வச்சுக்கோங்க. இந்தப் பக்கம் டிரம்மர் அடிக்கற அடி அந்தப் பக்கம் கிட்டார் ஆளுக்குப் போய்ச் சேர சுமார் 44 மில்லி செகண்ட் ஆகும்.

44 எல்லாம் ஒரு நம்பரான்னு கேக்காதீங்க. நிமிஷத்துக்கு 120 பீட் வேகத்துல ஒரு பீட் 500 மில்லி செகண்ட். அதை நாலாப் பிரிச்சா 125. அந்த 125-ல மூணுல ஒரு பங்கு லேட். இவர் கேட்டு வாசிக்கறது அவருக்குத் திரும்பிப் போக இன்னொரு 44. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் மரியாதையா கேட்டு வாசிச்சா, தாளம் மெல்ல மெல்ல இழுத்துக்கிட்டே போகும். ஜூம் கால்ல எல்லாரும் சேர்ந்து ஹேப்பி பர்த்டே பாடியிருக்கீங்களா? அதேதான்.

இதுக்குத் தீர்வு, காத்தை நம்பாம வயரை நம்பறது. தாளம் பிடிக்கற ஆளோட சத்தத்தை மைக்ல எடுத்து, ஒவ்வொருத்தர் காலடில இருக்கற மானிட்டர் ஸ்பீக்கருக்கோ காதுல இருக்கற இயர்பீஸுக்கோ நேரா அனுப்பணும். அத்தனை பேருக்கும் தனித்தனி மிக்ஸ். வாசிக்கற பேண்டோட மைக்கை மட்டும் திறந்து மத்ததை மூடணும், இல்லைன்னா இருபது முப்பது மைக்ல ஒரே டிரம்ஸ் எதிரொலிச்சுக்கிட்டு நிக்கும். டிவில நாம பாக்கறது பாடகரை. பின்னாடி சவுண்ட் டெஸ்க்ல ஒரு மனுஷர் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு முழு டிப்ளாய்மென்ட் பண்ணிக்கிட்டிருக்கார். ரோல்பேக் கிடையாது.

1989-ல கரண்ட் போன இடத்துல இருந்து இங்க வந்து நிக்கறதுக்குப் பேருதான் முன்னேற்றம்.

பெரியவங்க வீட்டு விளக்குல படிச்ச பசங்க

இப்போ ஆளுங்களைப் பத்திப் பேசுவோம்.

2007 ஜூன். வட்டத்துல பால் மெக்கார்ட்னி இருக்கார், பியோர்க் இருக்காங்க. அதே வட்டத்துல கிட்டாரோட ஒரு 19 வயசுப் பொண்ணு, முதல் ஆல்பம்கூட இன்னும் வரல. பேரு அடெல். அவங்க ஆல்பம் வந்தது 2008 ஜனவரில. அன்னிக்கு டிவி போட்டவங்க யாரும் அடெலுக்காகப் போடல. மெக்கார்ட்னிக்காகப் போட்டாங்க, அடெலைக் கேட்டுட்டுத் தூங்கப் போனாங்க.

2004. ராப்பர் நாஸ் வர வேண்டியது, கடைசி நேரத்துல வர முடியல. காலியான இடத்துக்கு ஸ்காட்லாந்துக்காரி கே.டி. டன்ஸ்டலைக் கூப்பிட்டாங்க. கிட்டத்தட்ட ஒரே நாள் அவகாசம். பேண்ட் இல்ல. கிட்டாரும் ஒரு லூப் பெடலும் மட்டும். லூப் பெடல் தெரியாதவங்களுக்கு: காலால ஒரு தட்டு தட்டினா அது ரெக்கார்ட் பண்ண ஆரம்பிக்கும், இன்னொரு தட்டு தட்டினா பண்ணதைத் திரும்பத் திரும்ப ஓட்டும். அதுக்கு மேல அடுத்த லேயர், அதுக்கு மேல அடுத்தது. அவங்க கிட்டாரைத் தட்டித் தாளம் போட்டாங்க, குரலை அடுக்கினாங்க, ஒத்தை ஆளா ஒரு பேண்ட் கட்டினாங்க. இதுல முதல் லேயர்ல தாளம் ஒரு இம்மி தப்பினா, அந்தத் தப்பு பாட்டு முடியற வரைக்கும் திரும்பத் திரும்ப வந்து உங்களைப் பாத்துச் சிரிக்கும். தப்பவே இல்ல. 2006 பிரிட் விருதுகள்ல சிறந்த பிரிட்டிஷ் பெண் கலைஞர் அவங்கதான்.

புதுசுன்னா இளசுன்னு நினைக்காதீங்க. புத்தாண்டு ராத்திரிக்குன்னு 'ஹூட்டனானி'ன்னு ஒரு ஸ்பெஷல் எபிசோட் பண்ணுவாங்க. 2006-ல அதுல வந்தார் சீசிக் ஸ்டீவ். நரைச்ச தாடி, மூணே கம்பி இருக்கற ஒரு பழைய கிட்டார், காலால உதைச்சுத் தாளம் போட ஒரு மரப்பெட்டி. அவ்வளவுதான் செட்டப். அடுத்த வருஷம் 'மோஜோ' பத்திரிகை அவருக்குப் புதுசா உடைச்சுக்கிட்டு வந்த கலைஞர் விருது கொடுத்தது. அந்தத் தாடியோட.

வகைகளைக் கலக்கறதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் 2008 செப்டம்பர். ஒரே வட்டத்துல மெட்டாலிகாவும் கார்லா ப்ரூனியும். ஒரு பக்கம் மெட்டல் உலகத்தோட இடி. இன்னொரு பக்கம் கிசுகிசுன்னு பாடற ஒரு பெண், அப்போ பிரான்ஸ் அதிபரோட மனைவி. எந்த ஆல்கரிதமும் இந்த ரெண்டையும் ஒரே பிளேலிஸ்ட்ல போடாது. போட்டா அடுத்த ஸ்பிரிண்ட்ல அதை பக்னு ஃபைல் பண்ணுவாங்க.

லைவ்னா என்ன லைவ்?

சரி, ரொம்பப் புகழ்ந்தாச்சு. கொஞ்சம் நியாயமாவும் பேசணும்.

முதல்ல, 'லைவ்'ங்கற வார்த்தை. ஹூட்டனானில பன்னெண்டு மணிக்கு எல்லாரும் கவுண்ட்டவுன் சொல்லிக் கட்டிப்பிடிச்சுப்பாங்க. அது டிசம்பர்லயே முன்கூட்டி ரெக்கார்ட் பண்ணது. டிவில அவங்க புத்தாண்டு கொண்டாடற நேரத்துல அவங்க எல்லாம் வீட்ல இருப்பாங்க. சாதாரண எபிசோடும் ரொம்ப வருஷம் லைவ் மாதிரி ரெக்கார்ட் பண்ணி அப்புறம் போட்டதுதான். 2008-லதான் செவ்வாய்க்கிழமை அரை மணி நேரம் நிஜ நேரலை, வெள்ளிக்கிழமை நீளமான ரெக்கார்டட் எபிசோட்னு பிரிச்சாங்க.

அப்போ இது ஏமாத்தா? எனக்கு அப்படித் தோணல. ஒளிபரப்பு லைவா இல்லையாங்கறது ஒரு கேள்வி, வாசிப்பு லைவா இல்லையாங்கறது வேற கேள்வி. டாப் ஆஃப் தி பாப்ஸ்ல ஒளிபரப்பு எப்படி இருந்தாலும் வாசிப்பு பொய். ஹூட்டனானில கடிகாரம் பொய், கை நிஜம். நான் ரெண்டாவதை எடுத்துப்பேன்.

அடுத்தது, வட்டம் சமம்னு சொன்னேன். வட்டத்துக்குள்ள வந்தவங்களுக்கு மட்டும்தான் சமம். உள்ள யாரு வரணும்னு தீர்மானிக்கறது தயாரிப்பாளர்கள். ரெக்கார்ட் கம்பெனிகளுக்கு அந்தக் கதவைத் தட்டத் தெரியும், தனி ஆளுக்குத் தெரியாது. 2014-ல ஸ்டார்ம்ஸி வந்தப்போ, எந்த லேபிளோடயும் ஒப்பந்தம் இல்லாம அந்த ஷோவுல வந்த முதல் ராப்பர்னு செய்தி போட்டாங்க. சந்தோஷமான செய்திதான். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. 1992-ல ஆரம்பிச்ச ஷோ, 2014-ல முதல் ஆள். கதவு எவ்வளவு ஒடுக்கம்னு அந்தச் செய்தியே சொல்லுது. கதவு திறந்தா என்ன ஆகும்ங்கறதையும் அவரே காட்டினார்: 2017-ல அவரோட ஆல்பம் பிரிட்டன்ல நம்பர் 1, 2019-ல கிளாஸ்டன்பரி திருவிழால முக்கிய மேடை.

மூணாவது, காசு. பிபிசி அங்க டிவி வச்சிருக்கற வீடுகள் கட்டற லைசென்ஸ் கட்டணத்துல ஓடுது. நடுவுல விளம்பரம் இல்ல. அதனாலதான் பேரே தெரியாத ஒருத்தருக்கு அஞ்சு நிமிஷம் கொடுக்க முடியுது. அந்த அஞ்சு நிமிஷத்துல சேனல் மாத்தறவங்களை நினைச்சு யாருக்கும் ராத்திரித் தூக்கம் கெடல. வட்டமா நிக்க வைக்கறது யாரு வேணாலும் காப்பி அடிக்கலாம். அந்தப் பொறுமையைக் காப்பி அடிக்கறதுதான் கஷ்டம்.

என் நண்பனோட பேண்ட்

இது ஏன் இப்போ மண்டைல ஓடுதுன்னா, ஒரு காரணம் இருக்கு.

என் காலேஜ் நண்பன் ஒருத்தன், பகல்ல டெஸ்டிங் வேலை, ராத்திரி பாட்டு. நாலு பேர் பேண்ட். சொந்தப் பாட்டு, தமிழ்ல. சில மாசம் முன்னாடி ஒரு சேனல்ல இருந்து கூப்பிட்டாங்க, பண்டிகை ஸ்பெஷல் நிகழ்ச்சிக்கு. எந்தச் சேனல்ங்கறது இங்க முக்கியம் இல்ல. ராத்திரி 11 மணிக்கு போன் பண்ணி, 'மச்சி, டிவில வரப்போறோம்டா'ன்னு கத்தினான். மறுநாள் நிபந்தனை வந்தது: ட்ராக்கை அனுப்பிடுங்க, நீங்க வந்து வாயசைச்சா போதும், சவுண்ட் செக் பண்ண நேரம் இல்ல. வாத்தியத்தைக் கையில வச்சுக்கிட்டு நில்லுங்க, பாக்க நல்லா இருக்கும்.

பேண்டுக்குள்ள ரெண்டு கட்சி ஆயிடுச்சு. ஒரு கட்சி, போகலாம், லட்சக்கணக்கான பேர் பாப்பாங்க, பாட்டு நம்ம பாட்டுதானேன்னு சொல்லுது. அதுல நியாயம் இருக்கு. பாட்டும் அவங்களோடது, ரெக்கார்டிங்கும் அவங்களோடது. நானும் முதல்ல அந்தக் கட்சிதான் பேசினேன்.

டிரம்மர் மட்டும் ரொம்ப நேரம் பேசாம இருந்தான். அவங்க அப்பா தவில் வித்வான், கோயில் கோயிலா வாசிச்சவர். அப்புறம் சொன்னான்: 'அப்பா கண்டிப்பா டிவி முன்னாடி உக்காந்து பாப்பாரு. ஊர்ல எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வைப்பாரு. நான் அடிக்கற இடமும் சத்தம் வர்ற இடமும் ஒண்ணு இல்லைன்னு அந்த ஆளுக்கு முதல் ஆவர்த்தனத்துலயே தெரிஞ்சிடும்டா. ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அதான் எனக்குக் கஷ்டம்.'

அதுக்கப்புறம் யாரும் பெருசா வாதம் பண்ணல. ஒரு கிட்டார், ஒரு கஞ்சிரா வச்சு நேர்ல பாடறோம், அஞ்சு நிமிஷம் சவுண்ட் செக் போதும்னு கேட்டுப் பாத்தாங்க. முடியாதுன்னு பதில் வந்தது. போகல. அந்த ஸ்லாட்டுக்கு வேற யாரோ போனாங்க.

இதுல வீரக்கதை எதுவும் இல்ல மக்களே. போகாததால அவங்களுக்கு என்ன கிடைச்சதுன்னு கேட்டா, ஒண்ணும் கிடைக்கல. அடுத்த மாசம் ஒரு கஃபேல வாசிச்சாங்க, சுமார் 40 பேர். வாய்ப்பை விட்டதுக்கு நண்பன் இன்னமும் சில நாள் புலம்பறான். போயிருந்தா தப்புன்னும் நான் சொல்ல மாட்டேன். வாடகை கட்டறவன் நான் இல்ல. எனக்கு உறுத்தறது வேற. நாலு பேர் உயிரைக் கொடுத்துக் கத்துக்கிட்ட ஒரு விஷயத்தை, அதைச் செய்யாம செய்யற மாதிரி நடின்னு கேக்கறதுதான் ஒரு புதுக் கலைஞருக்குக் கிடைக்கற பெரிய மேடைன்னா, அந்த மேடைல ஏதோ கோளாறு இருக்கு. அடெலுக்கு அன்னிக்கு கிடைச்சது மெக்கார்ட்னியோட ரசிகர்கள் மட்டும் இல்ல. அஞ்சு நிமிஷம் ஒழுங்கான ஒரு மைக். அதுதான் பெரிய உபகாரம்.

நமக்கு எதுக்கு இது?

இப்போ நிறைய இடம் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. அமெரிக்கால என்பிஆர் ரேடியோவோட 'டைனி டெஸ்க்' 2008-ல இருந்து ஓடுது, ஒரு ஆபீஸ் மேசைக்குப் பின்னாடி நின்னு பாடறது. பாடகருக்கு மானிட்டர் ஸ்பீக்கர்கூடக் கிடையாது, தன் குரல் தனக்குக் கேக்கணும்னா மத்தவங்க அடக்கி வாசிக்கணும். அருமையான ஏற்பாடு. ஆனா கவனிங்க, அங்க ஒரு வீடியோல ஒரே ஒரு கலைஞர். எனக்குப் பிடிச்சவரைத் தேடி நான் போறேன், பாத்துட்டு வந்துடறேன். பக்கத்துல நிக்கற தெரியாத ஆள் அங்க இல்ல.

என் வேலைல ரெகமெண்டேஷன் சிஸ்டம் பத்தி தினமும் காதுல விழும். அதோட அடிப்படைக் கேள்வி ஒண்ணுதான்: இந்த ஆளுக்கு முன்னாடி பிடிச்சது என்ன? 'லேட்டர்' கேக்கற கேள்வி வேற: இந்த ஆள் வந்ததே வந்துட்டார், இன்னும் வேற என்ன கேக்கலாம்? முதல் கேள்விக்கு உங்க பழைய டேட்டா போதும். ரெண்டாவது கேள்விக்கு யாரோ ஒருத்தர் ரசனையோட உக்காந்து, இவரோட இவர் நின்னா நல்லா இருக்கும்னு யோசிக்கணும். பெரியவர் தன் கூட்டத்தைச் சின்னவருக்குக் கொஞ்ச நேரம் கடன் கொடுக்கணும். கூட்டமும் கொஞ்ச நேரம் எழுந்து போகாம இருக்கணும்.

அந்தக் கடைசி வேலை நம்ம கையில இருக்கு. டிவி சேனல் நடத்த நம்மால முடியாது. எழுந்து போகாம இருக்க முடியும்.

அதனால ரெண்டு சின்ன ஹோம்வொர்க். ஒண்ணு, கே.டி. டன்ஸ்டலோட அந்த 2004 வீடியோவைத் தேடிப் பாருங்க. பாட்டைவிட அவங்க காலைப் பாருங்க. ரெண்டு, அடுத்த தடவை ஏதாவது கச்சேரிக்கு டிக்கெட் எடுத்தா, பெரிய பேர் மேடை ஏறற நேரத்தைக் கேட்டுட்டுப் போகாதீங்க. டிக்கெட்ல போட்டிருக்கற நேரத்துக்கே போங்க. முதல்ல ஒரு பேண்ட் வரும், பேரு தெரியாது, பாதி சீட் காலியா இருக்கும், சவுண்ட்கூட இன்னும் செட் ஆகியிருக்காது. உக்காந்து கேளுங்க. பிடிக்கலைன்னா பரவால்ல, அஞ்சு நிமிஷம்தானே. அந்தப் பேண்டுல டிரம்ஸ் வாசிக்கற பையனோட அப்பா கடைசி வரிசைல உக்காந்திருக்கலாம்.

நீங்க முன்கூட்டிப் போய் எதேச்சையா கேட்டு, அப்புறம் விட முடியாமப் போன பேண்ட் எதுன்னு எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சிலதைப் போடறோம். அடுத்த வாரம் கேசட் காலத்துல பாட்டுப் பதிவு பண்ணித் தர்ற கடைகளைப் பத்திப் பேசலாம்னு இருக்கோம். அதுவரைக்கும், வணக்கம்.